உருளைக்கிழங்கு போன இடத்துக்கு ஓக்கா ஏன் போகவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகின் அரிய காய்கறிகளைப் பற்றிய படத்தொகுப்புகளை அண்மைக்காலமாக விரும்பிப் பார்த்துவருகிறேன். கூர்கூராகச் சுருள் அடுக்கிய ரோமனெஸ்கோ, மடிப்பு மடிப்பான க்ரோன் கிழங்கு, சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கும் ஓக்கா என்று எல்லாமே வியப்பளிக்கின்றன. ஆனால் இவை உண்மையிலேயே சுவையும் சத்தும் உள்ளவை என்றால் இத்தனை நூற்றாண்டுகளில் எங்கும் பரவியிருக்க வேண்டாமா? பரவாததையே அவற்றின் தகுதிக் குறைவுக்குச் சான்றாகக் கொள்ளலாமா? இவற்றை வரவழைத்து வீட்டில் வளர்ப்பதில் பயன் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

அப்படிக் கொள்ள முடியாது என்பதே என் எண்ணம். மனிதர்கள் உணவுக்காகப் பயிரிட்ட தாவர இனங்கள் ஏறத்தாழ 6,000 என்றும், இன்று உலகின் மொத்தப் பயிர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு 9 பயிர்களிலிருந்தே வருகிறது என்றும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அந்த ஒன்பதில் கரும்பும் எண்ணெய்ப்பனையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் அடக்கம் என்பதைப் பார்த்தால், நாக்கு மட்டும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த பட்டியல் அல்ல அது என்பது விளங்கும்.

நீங்கள் குறிப்பிட்ட ஓக்காவையே எடுத்துக்கொள்வோம். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கு, உல்லுக்கோ, மாஷுவா ஆகியவற்றோடு அருகருகே விளையும் கிழங்கு அது. விரல் நீளத்தில், மெழுகு தடவியது போன்ற தோலும் குறுக்கே ஓடும் மடிப்புகளுமாக இருக்கும். தோண்டியெடுத்தவுடன் கடித்தால் ஆக்ஸாலிக் அமிலத்தின் புளிப்புத் தெரியும்; சில நாள் வெயிலில் பரப்பிவைத்தால் புளிப்புக் குறைந்து இனிப்பு ஏறுகிறது. மலைவாசிகள் இதை இரவுப் பனியில் உறையவிட்டுப் பகலில் உலர்த்திப் பல மாதங்களுக்குச் சேமிக்கவும் செய்கிறார்கள். சுவையிலோ சேமிப்பிலோ இதற்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் பகலின் நீளத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணிநேரம்தான். அந்த அளவுக்குப் பகல் குறுகினால்தான் ஓக்கா கிழங்கு வைக்கத் தொடங்கும். ஐரோப்பாவில் அத்தகைய பகல் செப்டம்பர் இறுதியில்தான் வருகிறது. கிழங்கு பருப்பதற்குள் உறைபனி இறங்கிச் செடியைக் கருக்கிவிடுகிறது. ஆண்டிஸிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்ற உருளைக்கிழங்குக்கும் இதே தடை இருந்தது. ஆனால் அது தாராளமாகக் காய்த்து விதை கொடுக்கும் பயிர் என்பதால், விதையிலிருந்து முளைத்த எண்ணற்ற செடிகளுள் நீண்ட பகலிலும் கிழங்கு வைப்பவற்றை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்க முடிந்தது. தெற்குச் சிலியில் நீண்ட பகலுக்கு முன்பே பழகியிருந்த வகைகளும் பின்னர் வந்து சேர்ந்தன. ஓக்காவின் பூக்களோ மூன்று அமைப்புகளில் வருபவை. ஓர் அமைப்பின் மகரந்தம் வேறோர் அமைப்பைச் சேர்ந்தால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். ஒரே கிழங்கைத் திரும்பத் திரும்ப நட்டுவந்த தோட்டத்தில் விதைக்கு எங்கே போவது? விதை இல்லாத இடத்தில் பொறுக்குவதற்கும் எதுவும் இல்லை. அண்மைக்காலத்தில் பிரிட்டனில் சில தோட்ட ஆர்வலர்கள் வெவ்வேறு அமைப்புச் செடிகளைச் சேர்த்து வளர்த்து, விதையெடுத்து, உருளைக்கிழங்குக்கு நடந்த அதே தேர்வை ஓக்காவுக்கும் செய்துபார்க்கிறார்கள். எனக்கு இது பொழுதுபோக்காகத் தெரியவில்லை. விட்டுப்போன ஒரு வேலையைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

எத்தியோப்பியாவின் என்செட் கதை வேறு. வாழையின் உறவான இதன் பழம் உணவுக்கு ஆகாது. உண்பது தண்டடியையும் கிழங்கையும்தான். சில ஆண்டுகள் வளர்ந்த மரத்தைச் சாய்த்து, பெண்கள் மட்டைகளைப் பலகையில் சாய்த்துவைத்து மூங்கில் சீவுளியால் சதையை வழித்தெடுத்து, என்செட் இலை விரித்த குழியில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். அந்த மாவில் சுடும் ரொட்டிதான் கோச்சோ. அந்நாட்டில் சுமார் 2 கோடிப் பேருக்கு இது ஆதார உணவு. காட்டு என்செட் தென்னாப்பிரிக்கா வரை வளர்ந்தும், பயிராக வளர்க்கப்படுவது எத்தியோப்பியாவில் மட்டுமே. ஏனென்றால் செடியைக் கொண்டுபோனால் போதாது. சீவுவதும் புளிக்கவைப்பதும் பதம் பார்ப்பதும் தெரிந்த கைகளும் கூடவே போக வேண்டும்.

சில காய்கறிகள் பெயர் கெட்டுப்போனதால் பின்தங்கியவை. வட அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குப் போன ஜெருசலேம் ஆர்டிசோக் கிழங்கு அங்கே நன்றாகவே விளைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் உருளைக்கிழங்கைக் கைப்பற்றிக்கொள்ள, மக்கள் இதைத் தின்றே காலம் தள்ளினார்கள். போர் முடிந்த பிறகு அந்தத் தலைமுறையினருள் பலர் அதைத் திரும்பிப் பார்க்கவும் விரும்பவில்லை. அதிலுள்ள இனுலின் என்ற நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்குவதும் அதன் புகழுக்கு உதவவில்லை. பாரிஸ் அருகே க்ரோன் என்ற ஊரில் 1882இல் பயிரிடப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற கிழங்கின் குறை இன்னும் சிறியது: ஒவ்வொரு மடிப்பிலும் மண் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவியே கை ஓய்ந்துபோகும்.

ரோமனெஸ்கோவைப் பற்றி எனக்குப் பெரிய வியப்பு இல்லை. பூவாக முயன்று பூவாக முடியாத மொட்டுகள் மேலும் மேலும் மொட்டுகளையே ஈன்றதால் அமைந்த வடிவம் அது. சமைத்த பிறகு அது காலிபிளவரின் மென்மையான உடன்பிறப்பு, அவ்வளவுதான்.

வீட்டில் வளர்ப்பதைப் பொறுத்தவரை, கிழங்காக வரவழைக்க வேண்டாம் என்பேன். கிழங்கின் வழியாக வைரஸ் நோய்கள் எளிதில் பயணம் செய்யும். பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அவற்றை உள்ளே விடுவதும் இல்லை. விதையாகக் கிடைத்தால் ஆபத்துக் குறைவு, ஆனாலும் இறக்குமதி விதிகளை முதலில் பாருங்கள். ஜெருசலேம் ஆர்டிசோக் கிடைத்தால் தொட்டியிலேயே வையுங்கள். தரையில் வைத்துவிட்டால், தோண்டும்போது விடுபட்ட சிறு துண்டும் அடுத்த ஆண்டு செடியாக எழுந்து நிற்கும்.