கேள்வி பதில்: கதைத் தளம் செய்ய கோடிங் வேண்டுமா?

கேள்வி: படம், குரல்பதிவு எல்லாம் வைத்து, அடுத்து எந்த வழியில் போவது என்று படிப்பவரே தேர்ந்தெடுக்கிற மாதிரி ஒரு கதைத் தளம் செய்ய ஆசை. கோடிங் தெரியாது. வேர்ட்பிரஸ் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: இதற்குப் போய் வேர்ட்பிரஸ் எதற்கு? ட்வைன் (Twine) என்ற, கிளை பிரியும் கதைகளை எழுதுவதற்கான மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ் கிளைமஸ் 2009-ல் வெளியிட்டது, இலவசம், பிரவுசரிலேயே ஓடும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பெட்டி. அதற்குள் சாதாரணமாக எழுதிக்கொண்டே வந்து [[கதவைத் திற]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டால் போதும், அது இணைப்பாகிவிடும், அதே பெயரில் புதுப் பெட்டி ஒன்றும் பக்கத்தில் முளைத்துவிடும். காட்டும் வாசகம் ஒன்று, போய்ச் சேரும் பெட்டியின் பெயர் வேறு என்றால் [[மெல்லத் தட்டு->கதவு]]. கதைக்கு இதற்கு மேல் பெரிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. முடித்துவிட்டு பப்ளிஷ் கொடுத்தால் முழுக் கதையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக (பிரவுசரில் திறக்கும் வலைப்பக்கமாக) வந்துவிடும்.

படத்துக்கும் ஒலிக்கும் வழக்கமான எச்டிஎம்எல் டேக்குகளை, அதாவது வலைப்பக்கக் குறியீடுகளை, பெட்டிக்குள்ளேயே எழுதலாம். ஆடியோ டேக்கில் 'கன்ட்ரோல்ஸ்' (controls) என்று ஒரு சொல் சேர்த்தால் ப்ளே பட்டன் வந்துவிடும்.

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அந்த ஒற்றை ஃபைலுக்குள் படங்கள் போய் உட்காராது, அவற்றைத் தனியாக அதே ஃபோல்டரில் வைத்து, கதை ஃபைலோடு சேர்த்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அப்புறம், கேமரா தரும் ஃபைல் பெயரின் வால் பெரும்பாலும் பெரிய எழுத்து ஜேபிஜி (JPG), நீங்கள் டேக்கில் எழுதியது சின்ன எழுத்து (jpg). விண்டோஸ் கண்டுகொள்ளாது, ஆனால் தளங்களை வைத்திருக்கும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம், அது இரண்டையும் வேறு வேறு ஃபைலாகத்தான் பார்க்கும், படம் இருக்கவேண்டிய இடம் காலியாக நிற்கும். பெயரெல்லாம் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஆன்லைன் ட்வைன் உங்கள் கதையை பிரவுசருக்குள்தான் சேமிக்கிறது. பிரவுசர் டேட்டாவை அழித்தால் கதையும் போச்சு. நான் ஒருமுறை இப்படி இழந்து, நாற்பது பெட்டிகளை மறுபடி எழுதினேன். தினமும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பக்கம் திறந்ததும் பின்னணி இசை தானாக ஒலிக்க வைத்தேன், ஒலிக்கவே இல்லையே?

பதில்: ஒலிக்காது. 2018-லிருந்து குரோம் அதைத் தடுக்கிறது, சஃபாரியும் அப்படித்தான். (நல்லதுதான் செய்தார்கள்.) முதல் பெட்டியில் 'தொடங்கு' என்று ஒரு இணைப்பு மட்டும் வைத்து, இசையை இரண்டாவது பெட்டியில் போடுங்கள். படிப்பவர் ஒருமுறை தொட்டபிறகு பெரும்பாலும் ஓடிவிடும், ஓடாத இடத்துக்கு அந்த ப்ளே பட்டன் இருக்கவே இருக்கிறது.