கட்டடம் 1862, ஆள் 1914

கேள்வி: கிராமப்புறங்களில் கல்லூரி வளாகம் கட்ட அரசுகள் கொட்டும் பணம் வீண்தானே? படித்து முடித்தவர்கள் எப்படியும் நகரத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அதே பணத்தில் நகரத்துப் பல்கலைக்கழகங்களைப் பெரிதாக்கி, கிராமத்துப் பிள்ளைகளுக்கு அங்கே விடுதி கட்டிக் கொடுத்தால் போதாதா?

பதில்: ஓடுகிறார்கள் என்கிறீர்களே, ஓட்டுவது யார்? பதினெட்டு வயதுப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்பி, நாலு வருடம் அங்கேயே தங்கவைத்து, வேலை தருகிற கம்பெனிகளையும் அங்கேயே குவித்துவிட்டு, 'ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறானே' என்று அங்கலாய்த்தால் எப்படி? உங்கள் விடுதி யோசனை அந்த ஓட்டத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற வேலை.

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கிறது டிரோம்சோ. குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. அந்தப் பக்கத்துக்கு டாக்டர் கிடைப்பதே பெரும்பாடு. அங்கேயே ஒரு பல்கலைக்கழகம் என்று 1968-ல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 1972-ல் வகுப்புகள் தொடங்கின. மருத்துவப் படிப்பில் ஒரு பங்கு இடம் வடக்கத்திப் பிள்ளைகளுக்கே என்று ஒதுக்கினார்கள். ஆரம்ப வருடங்களில் தேறிய டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பிறகு தேடிப் பார்த்தார்கள். வடக்கில் வளர்ந்தவர்களில் 82 சதவீதம் பேர் வடக்கிலேயே இருந்தார்கள். தெற்கிலிருந்து படிக்க வந்தவர்களில் 38 சதவீதம். எனக்கு அந்த 38-தான் ஆச்சரியம். சூரியனே வராத ஊருக்குப் படிக்க வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தங்கிவிட்டார்! ஆனால் ஒன்று: தங்கினவருக்கு வேலை பார்க்க அங்கே ஆஸ்பத்திரி இருந்தது.

உங்கள் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். திறப்பு விழா முடிந்து ஐந்தாறு வருடம் ஆன ஒரு வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள். லேபில் கருவி பெட்டி பிரிக்காமல் இருக்கும். இயக்கத் தெரிந்த ஆளை நியமிக்கவே இல்லை. செய்முறை வகுப்பு ஐந்து மணி வரை, கடைசி பஸ் நாலரைக்கு. அதை விட்டால் வீட்டில் விசாரணை நடக்கும் என்பதால், நாலு மணிக்கே பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர். மற்றவர்கள் தற்காலிகம், அவர்களுக்கும் வீடு நகரத்தில். பாடத்திட்டமோ நகரத்துக் கல்லூரியின் ஜெராக்ஸ். முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் அந்தப் படிப்புக்கு யாரும் வேலை தரப்போவதில்லை. சேர்க்கை குறையும். 'கிராமத்தில் கல்லூரி எடுபடாது' என்று ஒரு கமிட்டி அறிக்கை எழுதும்.

எடுபடாமல் போனது கிராமத்தாலா? வளாகத்துக்கு இடம் பார்ப்பது ஒரு துறை, சாலை போடுவது இன்னொன்று, பஸ் மூன்றாவது, தொழிற்பேட்டை நான்காவது. நான்கு பேரின் வரைபடமும் ஒரே மேஜைக்கு வருவதில்லை. சும்மா கிடந்த அரசு நிலம் ஊருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கல்லூரியும் ஆறு கிலோமீட்டர் தள்ளித்தான். இதற்குப் பெயர் வட்டார வளர்ச்சித் திட்டம்!

கட்டடத்தைக் கட்டிவிட்டு ஆளை மறக்கிற இந்தத் தப்பை அமெரிக்காவும் செய்து, பிறகு திருத்திக்கொண்டது. 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்று விவசாயமும் தொழில்நுட்பமும் கற்றுத்தரும் கல்லூரி நடத்தச் சொன்னது. (அதில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடம் பிடுங்கிய நிலம், அது தனிக் கணக்கு.) கல்லூரி வந்தது, விவசாயி வரவில்லை. 'புத்தக விவசாயம்' என்று கிண்டல்தான் மிச்சம். 1887-ல் இன்னொரு சட்டம் போட்டு, ஆய்வுப் பண்ணைகளுக்கு மாநிலத்துக்கு ஆண்டுதோறும் 15,000 டாலர் ஒதுக்கினார்கள். ஆண்டுதோறும் என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததை வயல் வரப்பில் வந்து சொல்லும் ஆளுக்குச் சம்பளம் கிடைத்தது 1914-ல். ஆக, கட்டடத்துக்கும் ஆளுக்கும் நடுவே 52 வருடம்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். வயதான தாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர், கைக்குழந்தைக்காரி, பகலில் வேலைக்குப் போகிறவர், இவர்களுக்கு எந்த விடுதியில் இடம்? ஸ்காட்லாந்தில் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுக் கல்லூரிகளையெல்லாம் கோத்து ஒரே நிறுவனமாக்கி, 2011-ல் பல்கலைக்கழகத் தகுதி கொடுத்தார்கள். தீவை விட்டு நகராமலே அங்கே பட்டம் வாங்கலாம்.

அதற்காக ஊருக்கு ஒரு வளாகம் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தொகுதிக்கு ஒன்று என்று பங்கு பிரிப்பது ஓட்டுக் கணக்கு. பத்து ஊருக்கும் பஸ் போகிற நடுவாந்திர ஊராகப் பார்த்து ஒன்று போதும், ஆள் போட்டு நடத்துவதாக இருந்தால்.

அடுத்த முறை அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழ் கைக்கு வந்தால், தலைமை யார், முன்னிலை யார் என்பதை விடுங்கள். ஆசிரியர் பணியிடம் எத்தனை, பத்தாவது வருடச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று அச்சடித்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். அப்படி ஒன்று இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.