கோமாரி, பால், ஒரு கையெழுத்து: கால்நடை மருத்துவர் பதில்கள்

மாடு, பன்றிகளைத் தாக்கும் கோமாரி (கால்-வாய் நோய்) மனிதர்களுக்குத் தொற்றாது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிறகு ஏன் ஒரு நாட்டில் அந்த நோய் வந்ததும் அங்கிருந்து பாலும் சீஸும் வரக் கூடாது என்று மற்ற நாடுகள் கதவைச் சாத்துகின்றன?

தடை உங்கள் வயிற்றை நினைத்துப் போடப்படுவதே இல்லை. எங்கோ ஒரு தொழுவத்தில் அசைபோட்டுக்கொண்டிருக்கும் மாட்டையும், பட்டியில் இருக்கும் பன்றியையும் நினைத்துப் போடப்படுகிறது.

கோமாரி வைரஸ் பாலில் இறங்கும். நாக்கில் கொப்புளம் தெரிவதற்கு நான்கு நாள் முன்பே இறங்கிவிடலாம் என்பதுதான் வம்பு. கறப்பவர் நல்ல பால் என்று நம்பித்தான் ஊற்றுகிறார். டேங்கரில் அது பத்துப் பண்ணைப் பாலோடு கலக்கிறது. அந்தப் பாலை நீங்கள் குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மீந்த பாலோ, சீஸ் செய்யும்போது வடியும் தண்ணீரோ ஒரு கன்றின் வாய்க்குப் போனால் ஆகும். 2001-ல் பிரிட்டனைப் புரட்டிப்போட்ட கோமாரி, சரியாக வேகவைக்காத உணவுக் கழிவைத் தின்ற பன்றிகளிடம் தொடங்கியதாகத்தான் அரசு விசாரணை சொன்னது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்ற பிறகே அது அடங்கியது.

பாஸ்ச்சரைஸ் செய்த பாலுக்கும் தடை என்பது அதிகப்படி இல்லையா? வைரஸ்தான் சூட்டில் செத்துவிடுமே?

சாகும், ஆனால் எந்தச் சூட்டில், எத்தனை நொடியில் என்பதுதான் கேள்வி. பாலில் உள்ள கொழுப்பும் புரதமும் வைரஸுக்குக் கவசமாக நிற்கின்றன. 72 டிகிரி செல்சியஸில் 15 நொடி வைக்கும் வழக்கமான முறை பெரும்பகுதியை ஒழித்துவிடும்; துளி மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. அதனால் உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதி இப்படிப் போகிறது: மனிதர் குடிக்கும் பாலை 132 டிகிரியில் குறைந்தது ஒரு நொடி காய்ச்சினால் போதும். அந்த வசதி இல்லையென்றால் பாலின் புளிப்பைப் பார்க்க வேண்டும். அதை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் 72 டிகிரி, 15 நொடி, ஒரு தடவை. 7 அல்லது அதற்கு மேல் என்றால் அதையே இரண்டு தடவை.

புளிப்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். கோமாரி வைரஸுக்குப் புளிப்பு ஆகாது. பிஎச் 6-க்குக் கீழே போனால் சிதைந்துவிடும். பால் புளித்து நன்றாக முதிர்ந்த சீஸ் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். பச்சைப் பாலைக் கண்டு பதறும் அதிகாரி கெட்டிச் சீஸிடம் கொஞ்சம் இளகுவது இதனால்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே பால் தீவனமாகப் போவதென்றால் 132 டிகிரி மட்டும் போதாது, அதோடு இன்னொரு சிகிச்சையும் சேர வேண்டும். உங்கள் டம்ளருக்கு உள்ளதைவிடக் கன்றின் தொட்டிக்கு விதி கடுமை. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இந்த ஒரு விதியே நிரூபிக்கும்.

2025-ல் ஜெர்மனியில் ஒரே ஒரு பண்ணை எருமைகளுக்கு நோய் வந்ததற்கு முழு நாட்டையும் ஒதுக்கியது நியாயமா?

ஜனவரி 10-ஆம் தேதி, பெர்லினை ஒட்டிய பிராண்டன்பர்க் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். 1988-க்குப் பிறகு ஜெர்மனியில் அதுதான் முதல் கோமாரி. பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம், 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையம் போடுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் முறை. உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தமும் நோயுள்ள பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. ஆனாலும் பிரிட்டன் உட்படப் பல நாடுகள் முதலில் முழு ஜெர்மனிக்குமே தடை போட்டன.

என் அபிப்பிராயம்: முதல் இரண்டு மூன்று வாரம் அது சரி. எந்த லாரி எங்கே போனது என்று தெரியாதபோது வளையத்தை நம்பி யார் உட்காருவார்கள்? ஆனால் தேடி முடித்து, வேறு எங்கும் இல்லை என்று காட்டிய பிறகும் தடை நீண்டால் அதில் அறிவியலைவிட உள்ளூர்ச் சந்தையைக் காக்கும் ஆசைதான் அதிகம். மார்ச்சிலேயே அந்தச் சிறு பகுதி நீங்கலாக மற்ற ஜெர்மனிக்கு நோயற்ற தகுதி திரும்பிவிட்டது. சில நாடுகள் அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை.

நோய் அறிவிக்கும் முன்பே கப்பலேறிவிட்ட பால் பவுடர் என்ன ஆகும்? நான் இறக்குமதித் தொழிலில் இருக்கிறேன்.

கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில், காகிதம் மேசைக்கு வந்ததும் நான் கம்பெனிப் பெயரைப் பார்த்ததில்லை. உற்பத்தித் தேதியில்தான் விரல் போகும். கோமாரிக்கு நோய் அரும்பும் காலம் 14 நாள் என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதிநூல் கணக்கு வைத்திருக்கிறது. கண்டுபிடித்த நாளிலிருந்து பின்னோக்கி ஒரு தேதியை இறக்குமதி நாடு அறிவிக்கும். உங்கள் பவுடர் அதற்கு முன் தயாரானது என்றால் பெரும்பாலும் தப்பிக்கும். அதற்குப் பின் என்றால், எவ்வளவு சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள்.

பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. யாரும் தடையே போடாவிட்டாலும் வர்த்தகம் நின்றுபோகும். பல சான்றிதழ்களில் 'கடந்த 12 மாதங்களாக இந்த நாட்டில் கோமாரி இல்லை' என்று ஒரு வரி அச்சிட்டிருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போடுபவர் கம்பெனி ஆள் இல்லை, ஏற்றுமதி நாட்டின் அரசு மருத்துவர். நோய் வந்த அன்றே அந்த வரி பொய்யாகிவிடுகிறது. எந்த மருத்துவர் பேனாவை எடுப்பார்? வேறு வாசகத்தோடு புதுச் சான்றிதழை இரு அரசுகளும் பேசி முடிக்கும் வரை சரக்கு கிடங்கில்தான். ஆகவே தடைச் செய்திக்குக் காத்திராமல் உங்கள் சான்றிதழின் வாசகத்தை இன்றே படித்துப் பாருங்கள்.

எல்லா மாட்டு நோய்க்கும் இதே கெடுபிடியா?

இல்லை. பைத்தியக்கார மாட்டு நோயில் பாலுக்குத் தடையே தேவையில்லை என்பது உலக விதி. தோல் கழலை நோய் 2025 கோடையில் இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் வந்தபோது பால் பொருட்களில் பிரிட்டன் பிடித்தது பச்சைப் பாலையும் பச்சைப் பால் சீஸையும்தான். 2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. கடைப் பாலில் வைரஸின் துணுக்குகள் கிடைத்தன, உயிருள்ள வைரஸ் கிடைக்கவில்லை. சூடு தன் வேலையைச் செய்திருந்தது.

சூட்கேஸில் அரைக் கிலோ சீஸ் கொண்டுபோனால் பிடிப்பார்களா? சீல் வைத்த பாக்கெட்தான்.

பிடிப்பார்கள். பாக்கெட்டில் சீல் இருக்கிறது, மருத்துவர் கையெழுத்து இல்லையே! ஹங்கேரி, ஸ்லோவாக்கியாவில் கோமாரி வந்த பிறகு, 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகள் சாண்ட்விச்சில் வைத்த சீஸைக்கூடக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. மோசமான மீறல் என்றால் அபராதம் 5,000 பவுண்டு வரை. குழந்தைகளுக்கான பால் பவுடர், மருத்துவ உணவு போன்ற சிலவற்றுக்குக் குறைந்த அளவில் விலக்கு தந்தார்கள்.