வாடகை 950 டாலர், கையெழுத்து யாருடையது?

கேள்வி: கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். நான் உட்பட ஐந்து நண்பர்கள், டிசம்பர் விடுமுறையில் 30 அடி நீள ஆர்.வி. (படுக்கை, சமையலறை வசதியுள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, டெத் வேலி பாலைவனத் தேசியப் பூங்காவின் வண்ணக் குன்றுகளைப் பார்த்து வர எண்ணியுள்ளோம். இரவுக்கு 190 டாலர் வீதம் ஐந்து இரவுகளுக்கு 950 டாலர். தலைக்கு 190 டாலர்தான். என் கிரெடிட் கார்டில் பாயின்ட் சேரும் என்பதால் என் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்கிறார்கள். அந்த கார்டில் ஏற்கெனவே 24 சதவீத வட்டியில் 4,200 டாலர் நிலுவை இருக்கிறது. செய்யலாமா? பழைய ஆர்.வி. ஒன்றைச் சேர்ந்து வாங்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்வது சரியா?

பதில்: பயணம் போய் வாருங்கள்; ஆனால் உங்கள் பெயரிலும் அந்த கார்டிலும் பதிவு செய்யாதீர்கள்.

முதலில், 950 டாலர் என்பது வண்டி நிற்கும் வாடகை மட்டுமே, ஓடும் செலவு அதில் இல்லை. ஃப்ரீமான்ட்டிலிருந்து டெத் வேலிக்குள் இருக்கும் ஃபர்னஸ் கிரீக் வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 1,000 மைல். உள்ளே சுற்றுவதையும் சேர்த்து 1,100 என்று வைத்துக்கொள்வோம். பல ஒப்பந்தங்களில் மைலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அதை 40 சென்ட் என்று கொண்டால் 440 டாலர். அந்த அளவுள்ள வண்டி கேலனுக்கு எட்டு மைல் கொடுத்தாலே நல்லது என்பதால், கேலன் 4.75 டாலர் வீதம் பெட்ரோலுக்கு மட்டும் 650 டாலர் ஆகும். இதுவரை 2,040 டாலர். காப்பீடு, துப்புரவுக் கட்டணம், மணிக்கணக்கில் வசூலிக்கப்படும் ஜெனரேட்டர், முகாமிடக் கட்டணம், வரி ஆகியவற்றையும் சேர்த்தால் தலைக்கு 500 டாலரை நெருங்கிவிடும். பூங்காவுக்குள் பெட்ரோல் விலை வெளியே இருப்பதைவிடக் கணிசமாக அதிகம் என்பதால், வழியில் உள்ள ரிட்ஜ்கிரெஸ்ட் நகரிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்வது நல்லது.

உங்கள் நண்பர்கள் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. இரும்புத் தாதுக்களால் சிவப்பும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகவும், இடையிடையே பச்சையாகவும் தெரியும் ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட் குன்றுகளைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே செல்லும் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் ஒன்பது மைல் நீளமுள்ள ஒருவழிப் பாதை. 25 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அதில் அனுமதி இல்லை. ஸப்ரிஸ்கி பாயின்ட் என்ற காட்சிமுனைக்கும், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கும் பேட்வாட்டர் உப்புச் சமவெளிக்கும் உங்கள் 30 அடி வண்டி போகும்; எதைப் பார்க்கக் கிளம்புகிறீர்களோ, அங்கு மட்டும் போகாது. ஆகவே ஒருவர் தம் காரையும் ஓட்டி வர வேண்டும், அந்தப் பெட்ரோலையும் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு கார்களும் கூடாரங்களும் போதும். இரவில் குளிரும் என்பதால் நல்ல உறக்கப் பைகள் வேண்டும், அவ்வளவுதான். ஆர்.வி.யில் தூங்கும் ஆசையே இந்தப் பயணத்தின் பாதிக் காரணம் என்றால், அதற்கு நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. 25 அடிக்குள் அடங்கும் வண்டியாகப் பாருங்கள்.

இனி உங்கள் கார்டு. நிலுவையை முழுமையாகக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லும் கார்டில், புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா அவகாசம் பொதுவாகக் கிடைக்காது; செலவு செய்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 2,040 டாலருக்கு ஒரு சதவீதப் பாயின்ட் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 20 டாலர். நண்பர்கள் பணம் தர ஒரு மாதம் தாமதித்தால் நீங்கள் கட்டும் வட்டி ஏறத்தாழ 40 டாலர். பயணம் முடிந்த பிறகு பங்குப் பணத்தைக் கேட்டு வாங்குவது எவ்வளவு சங்கடமான வேலை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வட்டியைவிடப் பெரிய கவலை, ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்து. பெட்ரோல் நிலையக் கூரையில் வண்டியின் மேற்புறம் உரசினாலும், வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் சாய்கூரை காற்றில் கிழிந்தாலும், ஓட்டியவர் யாராக இருந்தாலும் நிறுவனம் முதலில் கை வைப்பது கையெழுத்திட்டவரின் வைப்புத்தொகையில்தான். கிரெடிட் கார்டுகள் தரும் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் ஆர்.வி.க்குப் பொருந்தாது, சொந்தக் கார் காப்பீடு பொருந்துமா என்பதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே, மாதந்தோறும் நிலுவையை முழுதாகக் கட்டும் நண்பர் ஒருவர் பதிவு செய்யட்டும். ஓட்டப்போகிற அனைவரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கூடுதல் காப்பீட்டை ஐவரும் பகிர்ந்து வாங்குங்கள். காப்பீடு ஏற்காத சேதத் தொகையும் ஐந்தாகப் பிரிக்கப்படும் என்பதைப் பதிவுக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி, நால்வரும் சம்மதித்துவிட்டீர்களா என்று அந்த நண்பர் உறுதிசெய்துகொள்ளட்டும்.

சேர்ந்து வாங்கும் யோசனை வேண்டாம். கூட்டுக் கடனில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மட்டுமல்லாமல் முழுக் கடனுக்கும் பொறுப்பாவார்கள். நாளை ஒருவர் வேலை மாறி வேறு மாநிலம் போனாலும் தவணையும் நிறுத்துமிட வாடகையும் நிற்கப் போவதில்லை. ஆண்டுக்கு ஐந்து இரவுகளுக்காக எடுக்கும் கடன் அல்ல இது.

உங்கள் பங்கான 500 டாலரை டிசம்பருக்குள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுக ஒதுக்குங்கள். அதற்காக கார்டுக்குக் கட்டும் மாதத் தொகையைக் குறைக்க வேண்டியிருந்தால், ஐந்து இரவுகளை மூன்றாக்க முடியுமா என்று நண்பர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.