ஒரே டெஸ்ட் காலையில் பாஸ், மாலையில் ஃபெயில். ஸ்லீப்பைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: வெப் அப்ளிகேஷனுக்கு செலினியத்தில் (பிரவுசரைத் தானாக இயக்கும் கருவி) டெஸ்ட் எழுதியிருக்கிறார். கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் காலையில் பாஸ் ஆகிற டெஸ்ட் மாலையில் ஃபெயில் ஆகிறது. ஸ்லீப்பை, அதாவது டெஸ்ட் சும்மா காத்திருக்கும் நேரத்தை, 2 விநாடியிலிருந்து 5, அப்புறம் 10 என்று ஏற்றிக்கொண்டே போகிறார். சீனியரோ, "ஃப்ளேக்கி டெஸ்ட், ரீட்ரை போட்டு விட்டுத்தள்ளு" என்கிறாராம். அதாவது காரணமில்லாமல் தடுமாறுகிற டெஸ்ட், ஃபெயில் ஆனால் தானாக மறுபடி ஓடும்படி வைத்துவிடு என்று அர்த்தம்.

நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஏழு வருடமாக டெஸ்டிங் பார்க்கிறேன். அந்த சீனியர் சொல்வதை நானும் ஒருமுறை செய்து, விடியற்காலை நாலே முக்காலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதைச் சொல்கிறேன். முதலில் ஸ்லீப்.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். மார்த்தாண்டம் பஸ் பத்து நிமிடத்தில் வரும் என்று யாரோ சொன்னார்கள். கண்ணை மூடிப் பத்து நிமிடம் எண்ணிவிட்டு, பஸ் நிற்கிறதா என்று பார்க்காமலே காலைத் தூக்கி வைப்பீர்களா? ஸ்லீப் அதைத்தான் செய்கிறது. பஸ் இரண்டாவது நிமிடமே வந்திருந்தால் எட்டு நிமிடம் தண்டம், பதினோராவது நிமிடம் வந்தால் முட்டி பெயரும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: 200 டெஸ்ட், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் 5 விநாடி ஸ்லீப் என்றால் 3000 விநாடி. ஐம்பது நிமிடம் சும்மா தூங்குவதற்கே போகிறது.

அதற்குப் பதில் எக்ஸ்ப்ளிசிட் வெயிட் போடுங்கள், அதாவது 'இன்னது வரும்வரை காத்திரு' என்று சொல்லுங்கள். செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட் அரை விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். எதிர்பார்த்தது வந்த உடனே நகரும். ஒரே எச்சரிக்கை, இம்ப்ளிசிட் வெயிட்டையும் (எதைத் தேடினாலும் பொதுவாக இவ்வளவு நேரம் காத்திரு என்று வைப்பது) இதையும் கலக்காதீர்கள். 10 விநாடி இம்ப்ளிசிட், 15 விநாடி எக்ஸ்ப்ளிசிட் என்று வைத்தால் 20 விநாடி கழித்து டைம்அவுட் ஆகலாம் என்று செலினியம் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். பிளேரைட் போன்ற புதிய கருவிகளில் கிளிக் செய்யும் முன் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறு எதுவும் மறைக்கவில்லையா என்று கருவியே பார்த்துக்கொள்ளும். ஆனால் பட்டன் வந்து, அதை வேலை செய்ய வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வந்து சேராத அந்த இடைவெளியைப் பிளேரைட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, இப்போது அந்த நாலே முக்கால்.

தோவாளை பூச்சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சிக்கு பில் போடும் வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தோம். அதற்கு நான் எழுதிய டெஸ்ட் ரொம்ப சாதாரணமானது. 2 கிலோ பிச்சிப்பூவுக்கு பில் போடு, 'இன்றைய கணக்கு' பக்கத்தைத் திற, அந்த பில் இருக்கிறதா பார். ஆபீஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் தினமும் ராத்திரி 3 மணிக்கு ஓடும். காலையில் வந்து பார்த்தால் சிவப்பு: எதிர்பார்த்தது 1, கிடைத்தது 0. கையால் ஓட்டிப் பார்த்தால் பச்சை. ஃப்ளேக்கி என்று பெயர் வைத்து இரண்டு ரீட்ரை போட்டோம். மூன்று முறையும் ஃபெயில்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிஜமாகவே தடுமாறுகிற டெஸ்ட் மூன்றில் ஒருமுறையாவது தப்பிக்கும். இது ராத்திரி விடாமல் ஃபெயில், பகலில் விடாமல் பாஸ். இதைவிட ஒழுங்கான டெஸ்ட் எங்களிடம் இல்லை!

எங்களைக் குழப்பியது மழை. அது ஆனி மாதம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பது தெரிந்ததுதானே. தென்னை மட்டை லைன் மேல் விழுந்து கரண்டு போனால் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த ராத்திரிகளில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், விட்டுப்போன ரன் காலையில் ஆன் செய்ததும் ஓடும். அந்த நாட்களில் மட்டும் டெஸ்ட் பாஸ். "ரீஸ்டார்ட் ஆனால் சரியாகுது, மெமரி பிரச்சினை" என்று நாங்களே முடிவு கட்டி, புது ரேம் வாங்கிப் போட்டோம். மழை விட்டது, கரண்டு போவதும் நின்றது, டெஸ்ட் மறுபடி தினமும் சிவப்பு. வெறுத்துப்போய் அந்த டெஸ்ட் ஓடாதபடி ஸ்கிப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது. "தம்பி, இப்ப போட்ட பில்லு எல்லாம் நேத்து கணக்குல போய் கெடக்கு. இன்னைக்குப் பக்கம் வெறுசா இருக்கு. வெள்ளனவே ஆளுவ வந்து நிக்கானுவ, நான் என்னத்தச் சொல்ல?" மணி 4.45.

எங்கள் சர்வர் கிளவுடில் இருக்கிறது, அதன் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக, நள்ளிரவு 12 முதல் 5.30 வரை சர்வருக்கு அது இன்னும் நேற்று. பில்லுக்குத் தேதி போடுவது சர்வர், 'இன்றைய கணக்கு' என்று கேட்பதோ நம் ஊர் நேரத்தில் இருக்கும் பிரவுசர். டெவலப்பர்கள் வேலை பார்ப்பது பகலில், அதனால் அவர்கள் கண்ணில் படவில்லை. டெவலப்பர்களின் கோடை எடுத்து டெஸ்ட் ஓட்டும் பில்ட் சர்வரில் பிரவுசரும் யூடிசி என்பதால் அங்கே எப்போதும் பச்சை. அண்ணாச்சியும் அதுவரை சந்தை நெரிசலில் நோட்டில் எழுதிவிட்டு, எட்டு மணிக்கு மேல்தான் உட்கார்ந்து ஏற்றியிருக்கிறார். அன்றுதான் முதல்முறை போனிலிருந்தே நேராக பில் போட்டார். விடியும் முன் சந்தை நடக்கிற தொழிலுக்கு, விடியும் முன் வேலை செய்யாத மென்பொருள் கொடுத்திருக்கிறோம். அதைக் கண்டுபிடித்துத் தினமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயை நான் மூடியிருக்கிறேன்.

திருத்தம் சின்னதுதான். நேரத்தை யூடிசியிலேயே சேமிக்கலாம். 'எந்த நாள்' என்று பிரிக்கும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்ற வேண்டும். இப்போது அந்த டெஸ்ட் கடிகாரத்தை நம்பி ஓடுவதில்லை. 12.10, 5.29, 5.31 என்று மூன்று நேரத்தை நாங்களே கொடுத்து ஓட்டுகிறோம். பிளேரைட்டில் பிரவுசரின் நேர மண்டலத்தை அமைப்பிலேயே சொல்லிவிடலாம், சர்வர் பக்கம் நேரத்தை வெளியிலிருந்து கொடுக்க டெவலப்பரிடம் ஒரு வழி கேட்டு வாங்க வேண்டும். சண்டை போட்டாவது வாங்குங்கள்.

அதிலிருந்து ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனால் கோடைத் தொடுவதற்கு முன் எத்தனை மணிக்கு, எந்த மெஷினில், எந்த டெஸ்டுக்கு அடுத்து என்று எழுதி வைக்கிறேன். ஸ்கிரீன்ஷாட் தானாக எடுக்கும்படி வைத்திருக்கிறேன். பிறகு அதைத் தனியாக 20 முறை ஓட்டுவேன். தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தில் ஃபெயில் என்றால் பெரும்பாலும் டேட்டாதான்: ஒரு டெஸ்ட் உருவாக்கிய வாடிக்கையாளரை இன்னொன்று அழித்திருக்கும். ஹெட்லெஸில் (பிரவுசரைத் திரையில் காட்டாமல் ஓட்டும் முறை) மட்டும் ஃபெயில் என்றால் விண்டோ அளவைப் பாருங்கள். குரோமின் பழைய ஹெட்லெஸ் முறையில் அது 800க்கு 600. மெனு சுருங்கி மூன்று கோடு போட்ட ஐகானாகிவிடும், நீங்கள் தேடும் லிங்க் கண்ணில் படாது. ஸ்டேல் எலிமென்ட் (பழையதாகிப்போன பட்டன், லிங்க் போன்றவை) என்று வந்தால், பக்கம் திரும்ப வரையப்பட்ட பிறகும் பழைய எலிமென்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். புதிதாகத் தேடி எடுங்கள். ரீட்ரை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் ரீட்ரையில் பாஸ் ஆனதைப் பச்சையில் சேர்க்காமல் தனிப் பட்டியலாக எடுத்து, வெள்ளிக்கிழமை சாயா குடிக்கும் நேரத்தில் பார்க்கிறோம்.

இனி உங்கள் டெஸ்ட். காலையில் பாஸ், மாலையில் ஃபெயில் என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அன்றைக்குச் சேர்ந்த டேட்டா மேல். டெஸ்ட் சர்வரில் பகல் முழுக்க நாலு பேர் எதையாவது ஏற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பட்டியல் பக்கத்துக்குப் பத்து வரி காட்டினால், மாலையில் நீங்கள் சேர்க்கிற வரி இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும். ஸ்லீப்பை ஒரு மணி நேரம் ஆக்கினாலும் அது முதல் பக்கத்துக்கு வராது. ஃபெயில் ஆன நேரத்து ஸ்கிரீன்ஷாட்டில் கீழே பக்க எண்ணைப் பாருங்கள்.