சீனாவின் தாங் வம்சம் சரிந்தது எங்கே? – கேள்வி பதில்

கே (ஈரோடு): யாங் குய்ஃபெய் என்ற அழகியிடம் மன்னர் மயங்கியதால்தானே தாங் ஆட்சி கவிழ்ந்தது?

ப: யாங் குய்ஃபெய் 756-ல் மாவெய் என்ற இடத்தில் கொல்லப்பட்டார். தாங் வம்சம் 907 வரை இருந்தது. அந்தப்புரத்தை விட்டுவிட்டு வரி ஏட்டைப் பாருங்கள்.

கே (சேலம்): தாங் அரசுக்கு எதிராகக் கலகம் செய்த ஆன் லூஷான் வெறும் எல்லைத் தளபதி. தலைநகரையே பிடிக்கும் அளவுக்கு அவருக்குப் படை எங்கிருந்து வந்தது?

ப: நல்ல கேள்வி. தாங் ஆட்சியின் தொடக்கத்தில் வயதுவந்த ஆணுக்கு அரசு தந்தது 100 மூ (சீன நில அளவு) நிலம். அதில் 80 அவர் காலத்துக்குப் பின் அரசுக்குத் திரும்ப வேண்டும், 20 குடும்பத்துக்கே. பதிலுக்கு ஆண்டுக்கு 2 ஷீ (தானிய அளவு) தானியம், கொஞ்சம் பட்டு, 20 நாள் ஊழியம். ஊர்ப்படையும் இப்படி நிலத்தில் உழுதவர்களை நம்பித்தான் இருந்தது. நிலம் திரும்பி வரவில்லை, பெரிய குடும்பங்களும் மடங்களும் வளைத்துப் போட்டன. ஏட்டில் பெயர் இருக்கும், ஆள் ஊரைவிட்டு ஓடியிருப்பார். ஊர்ப்படை கரைந்ததும் எல்லையில் நிரந்தரச் சம்பளப் படை வைத்தார்கள். 742 கணக்கில் எல்லைப்படை மொத்தம் சுமார் 4,90,000. அதில் வடக்கு எல்லை மண்டலங்களான ஃபன்யாங்கில் 91,400, ஹெதோங்கில் 55,000, பிங்லூவில் 37,500. இந்த மூன்றும் பின்னர் ஆன் லூஷான் ஒருவர் கையில்! தலைநகர் சாங்கானிலோ சந்தையில் திரிந்தவர்களைச் சேர்த்த படை. தலைநகருக்குக் கிழக்கு வாசலான தோங் கணவாயைக் காத்துக்கொண்டே இருந்திருக்கலாம். அங்கே இருந்த தளபதி கெஷூ ஹானை வெளியே வந்து போரிடும்படி அரசவை நெருக்கியது. 756-ல் அந்தப் படை அழிந்ததும் தலைநகருக்கு வழி திறந்துவிட்டது.

கே (நெல்லை): அந்தக் கலகத்தில் 3.6 கோடி பேர் செத்தார்களாமே?

ப: இது வரும் என்று எதிர்பார்த்தேன். 755 ஏட்டில் 5.29 கோடி, 764 ஏட்டில் 1.69 கோடி. கழித்துப் பார்த்துச் சாவு என்று எழுதிவிடுகிறார்கள். அது வரி ஏடு. வடகிழக்கில் உள்ள ஹெபெய் பகுதி ஆளுநர்கள் கணக்கே அனுப்பவில்லை, லட்சக்கணக்கானோர் தெற்கே ஓடினார்கள்.

கே (சேலம்): அப்படியானால் சாவே இல்லை என்கிறீர்களா?

ப: நான் அப்படிச் சொல்லவே இல்லை. போர், பஞ்சம், முற்றுகை என்று ஏராளமானோர் மாண்டார்கள். ஆனால் குடும்பக் கணக்கைப் பாருங்கள்: 89 லட்சம் 29 லட்சமானது. ஒரு குடும்பத்துக்கு ஆள் எண்ணிக்கை 5.9, பிறகு 5.8. பெருஞ்சாவில் வீட்டுக்கு வீடு ஆள் குறைய வேண்டாமா? மறைந்தது முழு வீடுகள், அதாவது ஏட்டின் பக்கங்கள்.

கே (கோவை): எழுத்தர்கள் பழைய விகிதத்தால் பெருக்கியிருக்கலாமே?

ப: இருக்கலாம். அப்படியானால் அந்த எண்ணைச் சாவுக் கணக்காக்கும் உரிமை இன்னும் குறைகிறது. சேலத்துக்காரரும் கோவைக்காரரும் இதை இத்துடன் விடுங்கள்.

கே (தஞ்சை): கலகம் அடங்கிய பின்னும் எப்படி 144 ஆண்டு தாக்குப்பிடித்தார்கள்?

ப: உப்பு. 758-ல் திவூ ச்சி என்ற நிதி அதிகாரி உப்பை அரசின் ஏகபோகமாக்கினார். ஒரு தோவ் (முகத்தல் அளவு) 10 காசு விற்றது 110 ஆனது. 779 வாக்கில் அரசு வருவாயில் பாதிக்கு மேல் உப்பிலிருந்து. 780-ல் ஆண்டுக்கு இருமுறை வசூலிக்கும் வரி வந்தது. ஆளைப் பார்க்காமல் சொத்தைப் பார்த்து. விலை ஏறினால் கள்ள வியாபாரமும் ஏறும். 875-ல் கிளம்பிய ஹுவாங் சாவ் உப்புக் கடத்தல்காரர். 879-ல் தென் துறைமுகமான குவாங்ஜோவைச் சூறையாடி, அடுத்து சாங்கானையும் பிடித்தார். அவரை விட்டு அரசுப் பக்கம் தாவிய ஜூ வென்தான் 907-ல் தாங் வம்சத்தை முடித்தவர்.

கே (கரூர்): அழகியால்தான் என்று எங்கள் பாடநூலில்...

ப: ஈரோட்டுக்கான பதில்.

கே (வேலூர்): பின்னர் வந்த சொங் வம்சத்து அரசர்கள் கப்பம் கட்டியது கேவலம் இல்லையா?

ப: 1005 உடன்படிக்கைப்படி வடக்கே இருந்த லியா அரசுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் தாயல் (எடை அளவு) வெள்ளி, 2 லட்சம் சுருள் பட்டு. போர்ச் செலவுக்கு முன் அது மலிவு. சொங் வடக்கை இழந்தது 1127-ல், லியாவிடம் அல்ல, ஜின் என்ற மற்றொரு வடக்கு அரசிடம்.

கே (நாகை): சோழர் தூது சொங் அரசவைக்குப் போனதா?

ப: ஆம், 1015-ல். ஆனால் குவான்ஜோ என்ற சீனத் துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1281-ஐச் சேர்ந்தது. சொங் 1279-லேயே முடிந்துவிட்டது, அப்போது ஆண்டவர் மங்கோலியரான குப்ளாய் கான். இரண்டையும் ஒரே காலத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.