கொரியன் எசன்ஸ் மூணு வாரமா போட்டும் பருத் தழும்பு மங்கல

மூணு வாரத்துல மங்காதுங்க, அதுக்காக அந்த எசன்ஸ் (முகத்துல தடவற தண்ணி மாதிரி சீரம்) பாட்டிலை தூக்கிப் போட்றாதீங்க. பரு விட்டுட்டுப் போன கருப்புக்கு எட்டு வாரமாவது குடுத்துப் பாக்கணும்.

உங்க எசன்ஸ்ல இருக்குன்னு நீங்க சொன்ன ஜின்செங், அரிசித் தண்ணி, தாமரைப்பூ எல்லாம் ஈரப்பதம் குடுக்கும், போட்ட கொஞ்ச நேரத்துக்கு முகம் பளிச்னு தெரியும், ஆனா தழும்பை மங்க வைக்கிற வேலைக்கு நியாசினமைடு, ஆர்புடின் மாதிரி ஏதாவது உள்ள இருக்கணும்.

பாக்ஸைத் திருப்பிப் பாருங்க. கொரியால நிறத்தை வெளுப்பாக்கும்னு போட்டு விக்கணும்னா அது ஃபங்ஷனல் காஸ்மெடிக் (அரசு தனியா விதி வச்சிருக்கற அழகுப் பொருள் வகை) கணக்குல வரும், நியாசினமைடுன்னா 2லேர்ந்து 5 சதவீதம் இருக்கணும், ஆர்புடினுக்கும் அதே அளவுதான். இன்கிரீடியன்ட் லிஸ்ட்ல 1 சதவீதம், அதுக்குக் கீழ இருக்கறதை எந்த வரிசைல வேணா போடலாம், அதனால துளி பூச்சாறு இருந்தாலும் பேர் கொஞ்சம் மேல வந்துடலாம், முன்னாடி பெருசா பூ படம் இருக்கேன்னு மயங்காதீங்க.

இன்னொண்ணு, ஸ்கூட்டில போறேன், சன்ஸ்கிரீன் பிசுபிசுங்குது போடறதில்லன்னு போற போக்குல எழுதிருக்கீங்க, எனக்கு சந்தேகமே அங்கதான். ராத்திரி எசன்ஸ், பகல்ல மொட்டை வெயில்னா எவ்ளோ காஸ்ட்லி பாட்டிலும் வேஸ்ட். ஜெல் டைப் எஸ்பிஎஃப் 50 வாங்கிப் பாருங்க, அவ்வளவா பிசுபிசுக்காது.

போட்டதும் எரியுதுன்னா இப்போதைக்கு நிறுத்திட்டு, முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு தினமும் தடவி ஒரு வாரம் பாருங்க. சிவந்துச்சுன்னா அது உங்களுக்கு ஆகாது, பல சமயம் வாசனைக்குச் சேக்கற எண்ணெய்தான் காரணமா இருக்கும். ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி படர்ந்திருந்தா அது பருத் தழும்பா இல்லாம ‘மங்கு’ங்கற கரும்படலமா இருக்கலாம், ஸ்கின் டாக்டரைப் பாத்துடுங்க.